பரீட்சை முடியும்வரை பாட்டு வேண்டாமா?

கடிதத்தின் சுருக்கம்

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி, முதல் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அதே பள்ளிதான். பத்தாம் வகுப்பில் 500-க்கு 431 எடுத்தவள். குடும்பம் இந்துக் குடும்பம். ஆனாலும் அவள் பள்ளிப் பாட்டுக் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடுகிறாள். இந்த டிசம்பர் அவளுக்குப் பள்ளியில் கடைசிக் கிறிஸ்துமஸ் விழா என்பதால் தனிப்பாட்டு ஒன்றையும் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் இடைப்பருவத் தேர்வில் இயற்பியலில் 50-க்கு 14 வந்தது. ஆசிரியை மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாக வாசித்து, தோற்றவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, "இவங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் விழா கிடையாது, அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்" என்று அறிவித்துவிட்டார். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா பள்ளிக்குப் போய், மகளைப் பாட்டுக் குழுவிலிருந்தே எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "நம்ம சாமி இல்லாத விழாவுக்கு மார்க்கைத் தொலைக்கணுமா?" என்பது அவர் கேள்வி. ஆச்சியும் அதையே சொல்கிறார். செல்போனை வாங்கி வைத்தாயிற்று. ராத்திரி ஒரு மணிவரை புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவளை நான்கு மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி தலைவலி என்கிறாள், யாரோடும் பேசுவதில்லை.

தாய் கேட்பவை இவை. பாட்டை நிறுத்தியது சரிதானா? அரையாண்டிலும் மதிப்பெண் குறைந்தால் பள்ளி ஹால் டிக்கெட் தராமல் நிறுத்திவிடுமா? ஜனவரியிலிருந்து பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து டியூஷன் மட்டும் போகச் சொல்லலாமா? பள்ளியோடு மோதினால் செய்முறைத் தேர்வில் கைவைத்துவிடுவார்களா?

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "நேத்து ராத்திரி, 'நான் இல்லாமப் போயிட்டா உங்க எல்லாருக்கும் நிம்மதிதானே' என்றாள். கோபத்தில் அப்படிச் சொல்வாள், அப்புறம் சரியாகிவிடுவாள்."

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்ற கேள்விகள் ஒரு நாள் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. உங்கள் மகள் விபரீதமாக ஏதாவது செய்துகொள்ளப்போகிறாள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை வைத்து அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாடு, தூக்கம், பேச்சு மூன்றும் குறைந்திருக்கும் ஒரு பெண் "நான் இல்லாமப் போயிட்டா" என்று சொல்லும்போது அதைக் கோபம் என்று ஒதுக்கிவிடும் உரிமை நம் யாருக்கும் இல்லை. கோபத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். அந்த நேரத்தில் அவள் வாயில் இந்த வார்த்தை வந்தது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை.

இன்றே கேளுங்கள்

பெரும்பாலான பெற்றோருக்கு இங்கே ஒரு பயம் உண்டு. சாவைப் பற்றி நாமே கேட்டால், இல்லாத எண்ணத்தை மனதில் போட்டதாகிவிடுமோ என்று நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. மனநல மருத்துவம் இதைப் பலமுறை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. நேராகவும் அன்பாகவும் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும்.

வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். இரண்டு பேருமாகத் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டால்கூடப் போதும், எதிரெதிரே உட்கார்ந்து விசாரணை மாதிரி கேட்க வேண்டியதில்லை. "அன்னைக்கு ராத்திரி நீ சொன்னது என் மனசுலயே நிக்குது. செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று உங்கள் பேச்சிலேயே கேளுங்கள். கேட்டபிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் நீங்கள் நிரப்பாதீர்கள். "எங்களை நெனச்சுப் பாத்தியா?", "சாமி குத்தம்", "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்ற மூன்றும் அவள் வாயை அடைத்துவிடும் வார்த்தைகள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுக்காதீர்கள். "யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும், உன்னையும் வச்சுக்கிட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

ஆமாம், தோன்றியிருக்கிறது என்று சொன்னால், அன்று அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், வயலுக்கு வைத்திருக்கும் மருந்து போன்றவற்றைப் பூட்டி வையுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு நேரமாக இருந்தால் அவசரப் பிரிவுக்கே போகலாம். தொலைபேசியில் பேச 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்கும் அழைக்கலாம். அவளே பேச விரும்பினால் 1098 குழந்தைகளுக்கான எண். இந்த எண்களை அவள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகும், பெண்ணின் எதிர்காலம் கெட்டுவிடும் என்று சொந்தக்காரர்கள் யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். மனதில் உள்ள எண்ணத்தைச் சொல்லி உதவி கேட்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றுதான் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், சொல்கிறது. சிகிச்சை விவரம் ரகசியமாகவே இருக்கும், பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாது.

இல்லை, சும்மா சொன்னேன் என்று அவள் சொன்னால் நம்புங்கள். ஆனால் நான்கைந்து நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். சோர்வும் தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அவள் என்ன சொன்னாலும் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை மிகச் சாதாரணமாக இருக்கிறது. தலைவலி, சோர்வு, படித்தது மனதில் நிற்காதது எல்லாவற்றுக்கும் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். வாரம் ஒரு முறை பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் பிரட்டுகிறது என்று தூக்கிப்போடுகிறாளா என்றும் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தூக்கம்

ஒரு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தால் மூன்று மணி நேரம். வளரும் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதே தூக்கத்தில்தான். ராத்திரி உட்கார்ந்து படிக்கும் அந்தக் கூடுதல் நேரம் மறுநாள் வகுப்பில் கேட்பதையும் சேர்த்துக் கெடுக்கிறது. பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். விடியற்காலைப் படிப்புதான் அவளுக்கு ஒத்துவரும் என்றால் ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழட்டும். எது அவளுக்கு வசதி என்று அவளையே கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த நேரமானாலும், நான்கு மணிக்குத் தட்டி எழுப்புவதை இன்றோடு விட்டுவிடுங்கள். செல்போனை முழுக்கப் பிடுங்கி வைப்பதும் வேண்டாம். ராத்திரி அது கூடத்தில் இருக்கட்டும், மாலையில் தோழிகளோடு கொஞ்ச நேரம் பேசட்டும்.

ஹால் டிக்கெட், வருகைப் பதிவு, செய்முறைத் தேர்வு

உங்கள் பயங்களில் பாதி தவறான தகவலால் வந்தது. அரையாண்டு மதிப்பெண் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு நேரடியாகச் சேராது. அதில் தோற்றதற்காக ஒரு மாணவியைப் பொதுத்தேர்வு எழுதவிடாமல் நிறுத்தும் அதிகாரம் பள்ளிக்குக் கிடையாது. பொதுத்தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். தேர்வெழுதுவோர் பட்டியல் அங்கே போய், ஹால் டிக்கெட்டும் அங்கிருந்துதான் வருகிறது. மார்க் குறைந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் சில இடங்களில் நடப்பதாகக் கேள்விப்படுகிறோம். அப்படி யாராவது வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். உங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி, அந்த அலுவலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மனம் இன்னும் கொஞ்சம் அடங்கும். பிளஸ் டூ இயற்பியலின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 இருக்க வேண்டும். ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் மாணவி செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் 30-க்கு அருகில் வாங்கிவிடுவாள். 431 எடுத்த பெண் இயற்பியலில் ஃபெயிலாகிவிடுவாள் என்று வீடே நடுங்குவதற்குக் காரணமே இல்லை. அப்படியே ஏதாவது தவறினாலும் முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி, அந்த வருடமே கல்லூரியில் சேரலாம்.

இதிலேயே உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. அகமதிப்பீட்டின் 10-ல் வருகைப் பதிவுக்கு மதிப்பெண் உண்டு. கலை, விளையாட்டு போன்ற இணைச் செயல்பாடுகளுக்கும் 2 மதிப்பெண் உண்டு. பாட்டும் நாடகமும் படிப்புக்கு வெளியே உள்ள விஷயம் என்று அரசே நினைக்கவில்லை என்பதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். வருகை குறைந்தால் அகமதிப்பீடும் குறையும், 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருக்கும் பெண்ணை ஜனவரியிலிருந்து வீட்டுக்குள் வைத்தால், அவளுக்கு மிச்சமிருக்கும் தோழிகளும் இல்லாமல் போவார்கள். இந்த நிலையில் அது ஆபத்து. பள்ளிக்கு அனுப்புங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் வருவார். பழிவாங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் நியாயமான ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். மரியாதையாகக் கேட்கும் தாயை எந்தத் தலைமையாசிரியையும் எதிரியாகப் பார்க்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன்.

வகுப்பில் நடந்தது

மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்து எழுந்து நிற்க வைத்தது சரியில்லை. அந்த ஆசிரியைக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இருந்திருக்கலாம். தேர்ச்சி விகிதம் குறைந்தால் கல்வித்துறைக் கூட்டத்தில் அவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அந்த நெருக்கடியை அப்படியே பிள்ளைகள் தலையில் இறக்கி வைப்பதற்கு அனுமதி இல்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-ல் திருத்தப்பட்டது. பிள்ளைகளுக்கு உடலாலும் மனதாலும் வலி ஏற்படுத்தக் கூடாது என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். பொதுத்தேர்வில் மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. முதலாவதாக வந்தவர் பெயரைக்கூட வெளியே சொல்ல வேண்டாம் என்று மாநிலமே முடிவெடுத்திருக்கும்போது, கடைசியில் நிற்பவர்களை அறுபது பேர் முன்னால் எழுப்பி நிறுத்துவது என்ன நியாயம்?

விழாவிலிருந்து விலக்கியதும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் விழாவை நடத்தும் பள்ளி எதைக் கொண்டாடுகிறது என்பது அந்தச் சகோதரிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏழை எளியவர்களோடு பிறந்து வளர்ந்த ஒருவரின் பிறந்தநாள் அது. அந்த விழாவின் வாசலில் நின்று மார்க் பார்த்து ஆள் எடுப்பது அவர்களுடைய நம்பிக்கைக்கே பொருந்தவில்லை. இதை நீங்கள் சிஸ்டரிடம் சொல்லலாம். வாதமாகச் சொல்லாமல், உங்கள் மகள் இத்தனை வருடம் அங்கே பெற்ற அன்பை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

அவள் அப்பாவின் கேள்வி

"நம்ம சாமி இல்லாத விழா" என்று அவர் சொல்வதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அவருக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்றால் சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியும் ஒரு மாணவியை வழிபாட்டிலோ மத போதனையிலோ கட்டாயப்படுத்திக் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. பிள்ளை பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இது. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல்தான் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்துவருகிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும்போது மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் உட்காருவதும் இதனால்தான்.

ஆனால் இங்கே யாரும் உங்கள் மகளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் விரும்பிப் பாடுகிறாள். இத்தனை வருடம் பாடியபோது வீட்டில் யாருக்கும் அது பிரச்சினையாகத் தோன்றவில்லை, 431 வந்த வருடத்திலும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். இயற்பியலில் 14 வந்தபிறகு மட்டும் அது பிரச்சினையாகியிருக்கிறது. ஆகவே இது சாமியைப் பற்றிய கேள்வி இல்லை, மார்க்கைப் பற்றிய பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. பயம் தப்பில்லை. முதல் குரூப் எடுத்ததும் பொறியியல் கனவும் அவருடையது என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இயற்பியலில் 20 மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் குறைவது 10. அது கல்லூரியை மாற்றலாம், வாழ்க்கையை முடித்துவிடாது. அவளுக்குப் பொறியியல்தான் வேண்டுமா என்று யாராவது அவளைக் கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. தமிழ் வழியில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அவள் விரும்பும் படிப்பைப் பற்றித் தாராளமாக யோசிக்க அதுவும் ஒரு துணை.

பாட்டைப் பற்றி

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். அவளைத் திரும்பப் பாட்டுக் குழுவில் சேருங்கள். அங்கே நிற்கும்போது அவள் தோற்றவள் இல்லை. மூச்சு விட்டுப் பாடுகிறாள், பக்கத்தில் தோழி நிற்கிறாள், அவள் குரல் வேண்டும் என்று ஒரு சிஸ்டர் காத்திருக்கிறார். பயந்துபோன மனதுக்கு இதைவிட நல்ல மருந்தை என்னால் எழுதித்தர முடியாது. சீட்டுக் குலுக்கிப்போட்டு ரகசியமாகப் பரிசு வைக்கும் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் விளையாட்டு, வகுப்புவாரியாகக் கட்டும் குடில், விழா நாளில் வெட்டும் கேக் எல்லாமே அவள் கடைசி வருடத்தில் ஒரு முறைதான் வரும். ஒத்திகைக்குப் போகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு வாரத்தில் சில மணி நேரம். அவமானத்தில் உறைந்துபோய்ப் புத்தகத்தையே வெறித்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு.

இதற்கு அவளுடைய சம்மதத்தையும் கேளுங்கள். எழுந்து நின்ற வகுப்பின் முன்னால் மறுபடி மேடையேற அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். தனிப்பாட்டு வேண்டாம், கூட்டத்தோடு நின்று பாடுகிறேன் என்றால் அப்படியே விடுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் அதற்கும் தலையாட்டுங்கள். பாடுவதும் இன்னொரு கட்டாயமாகிவிடக் கூடாது.

பள்ளிக்கு நீங்களும் அவள் அப்பாவும் சேர்ந்தே போங்கள். அவர் வாயால்தான் எடுக்கச் சொன்னார், அவர் வாயால் சேர்க்கச் சொன்னால்தான் மகளுக்கும் மனம் ஆறும். தலைமையாசிரியையிடம் மூன்றைக் கேளுங்கள். மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும், வகுப்பில் வாசிக்கக் கூடாது. விழா நேரத்தில் வைத்திருக்கும் ஸ்பெஷல் கிளாஸை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், உங்கள் மகளுக்கு மட்டும் இல்லை. அவள் வீட்டில் சொன்ன வார்த்தையைச் சொல்லி, அவளுக்குப் பிடித்த ஒரு ஆசிரியை தினமும் அவளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவதைச் சொல்லத் தயங்குவீர்கள். ஆனால் பள்ளிக்குத் தெரிந்திருப்பது அவளுக்குப் பாதுகாப்பு. யாரிடம் சொல்லலாம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டே சொல்லுங்கள். சிஸ்டர்களில் ஆலோசனைப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பதுண்டு, விசாரித்துப் பாருங்கள்.

இயற்பியலுக்கு ஒரு வழி

அரையாண்டுக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது, முயலவும் வேண்டாம். வினாத்தாள் அமைப்பைப் பார்த்துப் படித்தால் போதும். ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் 9-ல் 6, மூன்று மதிப்பெண் 9-ல் 6, ஐந்து மதிப்பெண் 5, அதில் ஒவ்வொன்றிலும் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒவ்வொரு வினா கட்டாயம், பெரும்பாலும் கணக்காக வரும். பாடப்புத்தகத்தில் மொத்தம் 11 அலகு. அவளுக்கு எளிதாக வரும் நான்கை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மின்காந்த அலைகள், எலக்ட்ரானியல் போன்றவை நிறையப் பேருக்குச் சீக்கிரம் பிடிபடும். நிலைமின்னியல் முதல் அலகாக இருப்பதால் அங்கேயே மாட்டிக்கொண்டு மனம் ஒடிந்துபோகிறவர்கள் அதிகம். அதில்தான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது அதிகம் நிற்கும். ஒரு வருவித்தலை (டெரிவேஷன்) இன்று எழுதி, மூன்று நாள் கழித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். தவறு வந்தால் அது நல்ல செய்தி, எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது. டியூஷன் தேவைப்பட்டால் இயற்பியலுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் போதும். நான்கு பாடத்துக்கும் வைத்துத் தூக்கத்தைத் திருடாதீர்கள்.

அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ் அன்றும் புத்தாண்டு அன்றும் புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தோழி வீட்டுக்கு அழைத்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

பிப்ரவரியில் பிரிவு உபசார விழா வரும். செய்முறைத் தேர்வை ஒட்டியே வரும் என்பதால் இதே சண்டை வீட்டில் மறுபடி கிளம்பலாம். இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போகட்டும், புதிதாக எடுக்க வேண்டியதில்லை. பரிசுக்கும் போட்டோவுக்கும் எவ்வளவு தர முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைசி நேர மனக்கசப்பு வராது.

இந்தப் பதிலை அவள் அப்பாவிடமும் படிக்கக் கொடுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் மகளோடு நீங்கள் பேசும்வரை காத்திருந்து கொடுங்கள். முதலில் அந்தக் கேள்வி, இன்று ராத்திரியே. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், பள்ளியில் என்ன நடந்தது என்பதை அப்புறம் எழுதலாம்.